முப்பத்தாறு வாலும் ஒரு மூஞ்சியும்

“இது என்னாங்க?”

“நரி.”

“எங்க இருக்குது நரி?”

“அதோ, கரும்புக்கு நடுவுல. நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன். வாலுதான் இருக்குது.”

“வாலு நரியோடதுதான?”

ஈரப் படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த காந்திமதி கையை நிறுத்திவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிர்த் தெருவில் இருந்தது முத்தாம்பிகை ஸ்டூடியோ. அங்கே தாண்டவராயன் படம் பிடிப்பார், காந்திமதி பிரஷ்ஷால் படத்தில் உள்ள முகங்களைச் சீர்செய்து டச்சப் செய்வாள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். அந்த மார்கழி மாதம், எண்பத்துநாலாம் வருஷக் கடைசி, ஒரு ரோல் பிலிமில் முப்பத்தாறு நரியைப் பிடித்து வந்திருந்தார் தாண்டவராயன். முப்பத்தாறும் வால்.

“இத மட்டும் ஏன் இம்மாம் பெருசா போட்டீங்க?”

“காது தெரியற மாதிரி இருந்துச்சி. பெருசு பண்ணிப் பாத்தேன்.”

“காதா?”

“வாலு நுனிதான்.”

“ஏங்க, போட்டிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்குது. வட்டப்பாறையில கை வெச்சி என்னா சொன்னீங்க, ஞாபகம் இருக்குதா?”

தாண்டவராயன் லென்சைத் துடைக்க ஆரம்பித்தார். முழங்கை நீளத்துக்குக் குழாய் மாதிரி இருக்கும் லென்ஸ் அது. குயிலாப்பாளையத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அது வந்த நாளிலிருந்து தாண்டவராயனுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் அலுத்துவிட்டார்கள். மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மீன்கொத்தியைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று வளவனூர்க்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தக் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் இல்லை. மீன்கொத்தி இருக்கிறது.

திண்டிவனத்தில் நிழற்பட நண்பர்கள் கழகம் என்று ஒன்று. வருஷா வருஷம் இயற்கை, வன உயிர்ப் படப் போட்டி வைப்பார்கள். முதல் வருஷம் தாண்டவராயன் கீரிப்பிள்ளை அனுப்பினார். “புதர் தெளிவாக விழுந்திருக்கிறது” என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் நாரை. “மரக்கிளை அழகாக உள்ளது. பறவையைக் காணோம்” என்று கடிதம் வந்தது. அன்றைக்குத்தான் காந்திமதி அவரைத் திருவாமாத்தூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே வட்டப்பாறையில் கை வைத்துச் சொன்ன வார்த்தையை மீறினால் விடாது என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“சொல்லுங்க. அடுத்த போட்டியில நரிப் படத்துக்கு ஏதாச்சும் ஒரு பரிசு வரலன்னா...”

“வரலன்னா...”

“தை பொறந்ததும் லென்ச வித்துட்டு ரெண்டு ப்ளாஷ் லைட்டு வாங்கறேன்.”

“ஒரு ப்ளாஷ் போதாதா?”

“பாற மேல கை வெச்சிக்கினு பேரம் பேசாதீங்க.”

அவர் சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான்.

இப்போது அவர் லென்சைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பஸ் பாஸுக்குப் படம் எடுக்க வேங்கடேசன் உள்ளே வந்தார். ஸ்டூடியோ பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். தொங்கிய படங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அண்ணே, நரி படம் எடுக்கறீங்கன்னு சொன்னாங்க. ஒண்ணு எனக்குக் குடுங்களேன். கட்டிலுக்கு எதுத்தாப்புல மாட்டிக்கினா காலையில நரி மூஞ்சில முழிக்கலாம். யாவாரம் கொஞ்சம் நிமுரும்.”

“வாலுதாம்பா இருக்குது இப்போதைக்கு.”

“வால்ல முழிச்சா என்னா ஆவும்?”

“வர்ற ஆளு அப்பிடியே திரும்பிப் போவான்” என்றாள் காந்திமதி. “நீங்க ஸ்டூல்ல உக்காருங்க.”

தாண்டவராயன் காமிராவுக்குப் பின்னால் போனார். “கொஞ்சம் மோவாய எறக்குங்க. ஆங். இங்க பாருங்க. ரெடி!” என்று சத்தமாகச் சொல்லி விசையை அழுத்தினார்.

காந்திமதி கையிலிருந்த கிளிப்பைக் கீழே போட்டாள்.

“ஏங்க, நரிகிட்டயும் இதத்தான் சொல்றீங்களா?”

“எத?”

“ரெடின்னு.”

“நான் எங்க ரெடி சொன்னேன்?”

“இப்பதான சொன்னீங்க!”

“சொல்லலியே. சொன்னனா வேங்கடேசா?”

“தெருமொனை வரைக்கும் கேட்டிருக்கும்ண்ணே.”

“நான் சொல்லவேல்ல. வேணும்னா இன்னொண்ணு எடுக்கறேன், பாருங்க. வாயத் தொறக்க மாட்டேன்.” உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்தார். விரல் விசைக்குப் போனது. “ரெடி!”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினெட்டு வருஷத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து. விரலும் நாக்கும் ஒரே நரம்பில் கட்டின மாதிரி ஆகியிருந்தது.

மறுநாள் விடிவதற்குள் காந்திமதியும் அவரோடு கிளம்பிவிட்டாள். பம்பை ஆற்று ஓரம் கரும்புக்குக் காவல் இருந்த மாரியப்பன் இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

“வாங்கண்ணே. அட, அக்காவும் வந்துகீறாங்க. நரி குடும்பத்தோட வந்தாத்தான் நிக்கும்னு சொன்னாங்களா?”

“இவரு வாய மூடறதுக்கு வந்துகிறேன்” என்றாள் காந்திமதி.

“அதுக்கு ஒரு ஆளு வேணும்தான்க்கா. அதோ, கோயில்ல பாட்டு வெச்சிட்டான். மைக் செட்டு இம்மாம் சத்தம் போடுது. நரி காதக் கூட ஆட்ட மாட்டேங்குது. உங்க வூட்டுக்காரரு ரெடின்னு ஒரு வார்த்த சொன்னா போச்சி, அடுத்த ஊருல போயித்தான் நிக்குது.”

“நீயாச்சும் அன்னிக்கே சொல்லக் கூடாதா?”

“படம் புடிக்கறதுக்கு அது மந்திரம்னு நெனச்சேன்க்கா. அது சொல்லலன்னா படம் உழாது போலன்னு கம்முனு இருந்துட்டேன்.”

முதல் நாள் தாண்டவராயன் வாயில் தண்ணீரை நிரப்பி வைத்தாள் காந்திமதி. நரி வந்தது. வரப்பில் நின்றது. மூஞ்சி நேராக இருந்தது. தாண்டவராயன் விரலை வைத்தார். தண்ணீர் மொத்தமும் மாரியப்பன் முதுகில் விழுந்தது, பின்னாலேயே “ரெடி” வந்தது.

“மார்கழிப் பனியில இதுவேறயா!” என்று மாரியப்பன் துள்ளினான். நரி எப்போதோ போயிருந்தது.

இரண்டாம் நாள் கேப்பை அடையைச் சுருட்டி வாய் கொள்ளாமல் திணித்தாள். நரி வரத் தாமதமானது. அதற்குள் தாண்டவராயன் அடையைத் தின்று முடித்துவிட்டார்.

“தின்னவா குடுத்தேன்?”

“வாயில வெச்சா வேற என்னா பண்றது? முருங்கைக்கீரை வேற போட்டுகீற.”

மூன்றாம் நாள் துண்டால் வாயைச் சுற்றிக் கட்டினாள். நரி வந்தது. துண்டுக்குள்ளிருந்து “ம்ம்பி!” என்று ஒரு சத்தம் கிளம்பியது. நரி இதுவரை ஓடாத வேகத்தில் ஓடியது.

“அக்கா, ரெடியே தேவல போலிருக்குது” என்றான் மாரியப்பன். “இது ஏதோ புலி மாரி கேட்டுச்சி.”

தாண்டவராயன் துண்டை அவிழ்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தார்.

“உடு காந்தி. வாங்கிக்கலாம் ப்ளாஷு. எனக்கு நரி ராசி இல்ல.”

சண்டை போட்டிருந்தால் காந்திமதிக்கும் சுலபமாக இருந்திருக்கும். இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதில் அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, மண்டபத்துல பொண்ணு மொதல்ல எப்பிடி இருக்கும்? நீங்க ரெடின்னு சொன்னா தலையக் குனிஞ்சிக்கும். பத்தாவது படத்துல?”

“எம்மூஞ்சியவே பாத்து மொறைக்கும். அலுத்துப் போயிடும்.”

“அப்ப நரிக்கும் அலுக்கட்டும்.”

“என்னா சொல்ற?”

“வாய மூட வேணாம். சொல்லுங்க. காமிரா இருந்தாலும் சொல்லுங்க, இல்லன்னாலும் சொல்லுங்க. மாரியப்பா, நீயும் சொல்லு. அந்த வரப்புல தெனம் ரெண்டு கை மல்லாட்ட போட்டு வை. போடும்போதெல்லாம் ரெடின்னு கத்து.”

“நானா? ஊருல என்னிய என்னா நெனைப்பாங்கக்கா?”

“ஏற்கெனவே என்னா நெனைக்கிறாங்க?”

“அதுவும் சரிதான்.”

அன்றிலிருந்து கரும்புக் கொல்லையில் காலையும் மாலையும் வேர்க்கடலை விழும்போதெல்லாம் “ரெடி! ரெடி!” என்று கேட்டது. பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த முனியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாடா மாரியப்பா, யார்ரா ரெடி?”

“இன்னும் யாரும் இல்லக்கா.”

“பின்ன எதுக்குடா கத்துற?”

“நரிக்கு மல்லாட்ட வெக்கறேன்க்கா.”

“மார்கழிப் பனி தலைக்கு ஏறிடுச்சி போல. வூட்ல சொல்லித் துண்டு கட்டிக்கினு வாடா.”

நாலாம் நாள் நரி “ரெடி” கேட்டு ஓடியது, ஆனால் மல்லாட்டையைக் கவ்விக்கொண்டு ஓடியது. ஆறாம் நாள் ஓடாமல் நடந்தது. போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை விடியல், வெயில் கரும்புத் தோகைமேல் மஞ்சளாக விழுந்த நேரம். நரி வரப்புக்கு வந்தது. கீழே பார்த்தது. மாரியப்பன் வேண்டுமென்றே அன்றைக்கு ஒன்றும் போட்டு வைக்கவில்லை.

“ரெடி!” என்றார் தாண்டவராயன்.

நரி தலையைத் தூக்கி, இரண்டு காதையும் நிமிர்த்தி, எங்கே என் மல்லாட்டை என்று கேட்பதுபோல நேராக லென்சைப் பார்த்தது.

க்ளிக்.

“உழுந்துச்சா?” என்றாள் காந்திமதி, மூச்சு விடாமல்.

“உழுந்துச்சி.”

“மூஞ்சியா?”

“மூஞ்சி, மீச, எல்லாம்.”

மாரியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஆகாயத்தில் வீசினான். நரி ஓடவில்லை. மல்லாட்டை வரும்வரை உட்கார்ந்திருந்தது.

அன்று பகலிலேயே தாண்டவராயன் இருட்டறையில் படத்தைப் பெரிதாகப் போட்டுக் காயவைத்தார். ஒன்பது நாள் தூக்கம் பாக்கி. சாப்பிட்டுப் படுத்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். அதற்குள் காந்திமதி படத்தை உறையில் போட்டுவிட்டாள். மூலை மடங்காமல் இருக்க அட்டை தேடினாள், கிடைக்கவில்லை. பெரிதாகப் போட்டு வீணாய்ப் போன அந்த வால் படம் கிடந்தது. அதைப் பின்னால் வைத்து ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்வரை தாண்டவராயன் உறையை மடியை விட்டு இறக்கவில்லை. லென்சையும் தோள்பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

“அத எதுக்கு எடுத்தாந்தீங்க?”

“அதுவும் பரிசு வாங்கறதப் பாக்கட்டும்.”

திண்டிவனத்தில் ஒரு சத்திரத்துக் கூடத்தில் போட்டி. பதினொரு மணியோடு படம் வாங்குவது முடிந்தது. நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் விருத்தாசலம், வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் தேவநாதன், திண்டிவனத்திலேயே ஸ்டூடியோ வைத்திருப்பவர், போன வருஷம் முதல் பரிசு வாங்கியவர். அவருக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தது மயிலம் கோயில் மயில். அது பக்தர்கள் கையிலிருந்து பொங்கல் தின்கிற மயில் என்று தாண்டவராயன் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உறையைப் பிரித்ததும் தேவநாதன் புருவத்தைத் தூக்கினார்.

“அட! நரி மூஞ்சியே உழுந்துகீதே!”

விருத்தாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “அருமை. எவ்வளவு நேரா பாக்குது!”

தாண்டவராயன் காந்திமதியின் பக்கம் சாய்ந்து, “ஒண்ணாவது பரிசு” என்றார்.

“ஆனா அய்யா,” என்றார் தேவநாதன் மெதுவாக, “இந்தக் கண்ண நான் எங்கியோ பாத்திருக்கேன்.”

“நரிக் கண்ணையா?”

“ஆமாங்க. எங்கன்னுதான் தெரியல. இந்தப் பொருவமும்...” படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. “என் பொண்டாட்டி! எங்க கல்யாணப் படத்துல என் பொண்டாட்டிக்கு இதே கண்ணுங்க!”

கூடத்தில் இருந்தவர்கள் நரியை எட்டிப் பார்த்தார்கள்.

“அக்கா,” என்று தேவநாதன் காந்திமதியைப் பார்த்தார். “இது உங்க கையாச்சே. என் ஸ்டூடியோ கல்யாணப் படம் பூரா உங்ககிட்டதான டச்சப்புக்கு அனுப்பறேன். எனக்குத் தெரியாதா? கண்ணுல புள்ளி வெச்சிருக்கீங்களா?”

“ரெண்டே ரெண்டு” என்றாள் காந்திமதி. “கண்ணு உசுரில்லாம இருந்துச்சி.”

“பொருவம்?”

“கலஞ்சி கெடந்துச்சி. சீர் பண்ணேன்.”

“மூக்குல?”

“ஒரு தழும்பு இருந்துச்சி. மறைச்சேன். நல்ல நாளுல அதோட அனுப்பறதா?”

தாண்டவராயன் திரும்பினார். “நீ இதத் தொட்டியா?”

“தொடாம எந்தப் படத்த வெளிய அனுப்பியிருக்கேன்? நீங்க தூங்கினு இருந்தீங்க. பிரஷ்ஷு கையில இருந்துச்சி. எப்ப வெச்சேன்னே எனக்குத் தெரியலங்க.”

விருத்தாசலம் விதித்தாளை எடுத்து வருத்தத்தோடு நீட்டினார். ஏழாவது விதி. படத்தின் மீது கைவேலை எதுவும் கூடாது.

தாண்டவராயன் விதித்தாளைத் திருப்பிக் கொடுத்தார். தோள்பையிலிருந்து லென்சை எடுத்தார். முன்மூடியைச் சரியாகப் போட்டார். பின்மூடியைச் சரியாகப் போட்டார். மஞ்சள் துணியில் சுற்றிக் காந்திமதியின் கூடையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், படுக்க வைத்தார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

“இது என்னம்மா?” என்றார் விருத்தாசலம்.

உறையைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் கையில் அந்த வால் படம் இருந்தது.

“அது படம் இல்லங்கய்யா. மடங்காம இருக்க அட்டைக்குப் பதிலா வெச்சேன்.”

“இதையும் டச்சப் பண்ணினீங்களா?”

“வாலுல என்னாங்க டச்சப்பு?”

விருத்தாசலம் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கரும்புத் தோகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. தெறித்த மண் அந்தரத்தில் நின்றது. நடுவில் ஒரு வால், மயிர் அத்தனையும் சிலிர்த்து, சட்டத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“தேவநாதா, இருபத்தேழு வருஷம் ரேஞ்சரா இருந்தேன். எத்தன நரி பாத்திருப்பேன் சொல்லு?”

“நூறு எரநூறு பாத்திருப்பீங்க.”

“எல்லாமே இதுதான்! ஒரு நரிகூட மூஞ்சியக் காட்டினதில்ல. என் உத்தியோகம் பூரா இந்த ஒரு படத்துல இருக்குதய்யா.” தாண்டவராயன் பக்கம் திரும்பினார். “ஒருத்தர் ரெண்டு படம் குடுக்கலாம்னு விதி இருக்குது. பதினொரு மணிக்கு முன்னாடியே உறைக்குள்ளதான் வந்துருக்குது. இது உங்க ரெண்டாவது படம்னு சொல்றீங்களா?”

தாண்டவராயனுக்கு வாய் வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. காந்திமதி இடித்தாள்.

“சொல்றோங்கய்யா” என்றாள்.

“தலைப்பு?”

“‘ரெடி’ன்னு போட்டுக்குங்க.”

வாலுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. ஒரு சின்ன வெண்கலக் கோப்பை. தேவநாதன் அதைக் கொடுக்கும்போது குறும்பாகக் கேட்டார்.

“அக்கா, வட்டப்பாறை கதைய மாமா போன வருசமே சொன்னாரு. மூணாவது பரிசு செல்லுமா?”

“ஏதாச்சும் ஒரு பரிசுன்னுதான் சொன்னது. நரிப் படம்னுதான் சொன்னது. மூஞ்சின்னு நான் சொல்லல” என்றாள் காந்திமதி. கூடையிலிருந்து லென்சை எடுத்து, துணி சுற்றியபடியே கணவர் மடியில் வைத்தாள். “இந்தாங்க. ஆனா தாலி கட்டற நேரத்துல இது பையிலதான் இருக்கணும்.”

“மீன்கொத்தி வந்தா?”

“வந்தா மொய் எழுதிட்டுப் போவட்டும்.”

எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்க தேவநாதன் காமிராவை ஸ்டாண்டில் மாட்டினார். பரிசு வாங்கியவர்கள் கோப்பையோடு நின்றார்கள். தாண்டவராயன் வரிசைக்குப் பின்னால், பின்சுவரை ஒட்டினாற்போல் நின்றார். தேவநாதன் குனிந்தார், விரல் விசைக்குப் போனது.

“ரெடி!” என்று பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினார் தாண்டவராயன்.

மொத்தக் கூட்டமும் என்னவோ ஏதோ என்று திரும்பியது.

அந்தப் படம் இன்றும் முத்தாம்பிகை ஸ்டூடியோவில் வாலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பதினோரு பின்னந்தலை, ஒரு கொண்டை, கூட்டத்துக்கு அந்தப்பக்கம் வாயைத் திறந்தபடி தாண்டவராயன். காந்திமதி அதில் கை வைக்கவில்லை. டச்சப் செய்த நரி மூஞ்சி வேங்கடேசன் கட்டிலுக்கு எதிரே போய்விட்டது.

“யாவாரம் எப்பிடிப்பா?” என்று கேட்டால், “யாவாரம் அப்பிடியேதான் கீது” என்கிறார். “ஆனா காலையில முழிச்சா, பொண்ணு பாக்கப் போயி உக்காந்த மாரியே இருக்குதுண்ணே.”